கட்டியங்கூறிய மாநிலங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபரை அந்நாட்டு மக்கள் ஒருங்கே கூடி நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர் எனப் பலரும் கருதுவர். உண்மை அதுவன்று. அங்கே நடைபெறுவது ஒரு தேர்தலன்று. ஐம்பது மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் தனித்தனியே நடைபெறும் ஐம்பத்தொரு தேர்தல்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் காங்கிரஸின் கீழவையில் எத்தனை உறுப்பினர் உளரோ, அத்தொகையோடு மேலவை உறுப்பினர் இருவரையும் கூட்டினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு தேர்வாளர்கள் உண்டு. 1964-ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் இத்தேர்வாளரின் மொத்தத் தொகை 538. இவருள் 270 பேரின் வாக்கைப் பெறுபவரே அதிபராவார். மெயின், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு நீங்கலாக மற்றெல்லா மாநிலங்களிலும் ஒரே ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவருக்கும் அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் உரியவராகி விடுவர்.

இந்த ஒரு விதியிலிருந்தே எல்லா விந்தைகளும் பிறக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் புளோரிடாவில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாக்களித்தனர். ஜார்ஜ் புஷ் அங்கே பெற்ற மிகுதி 537 வாக்குகள். அவ்வளவே அம்மாநிலத்தின் 25 தேர்வாளரையும் அவருக்கு அளித்து, அவரை வெள்ளை மாளிகையில் அமர்த்திற்று. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதிலும் எதிராளியைவிட 28 லட்சம் வாக்குகளுக்கு மேல் பெற்றும் தோற்றார். மிச்சிகன், பென்சில்வேனியா, விஸ்கான்சின் என்னும் மூன்று மாநிலங்களில் டொனால்டு டிரம்ப் பெற்ற மிகுதியை ஒன்றாகக் கூட்டினாலும் 78,000 வாக்குகள் தேறா. 2020-இலும் நிலைமை வேறன்று. ஜோ பைடன் 70 லட்சம் வாக்குகள் மிகுதியாகப் பெற்றார் என்பது உலகறிந்த செய்தி. ஆயின் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் ஆகிய மூன்றிலும் அவர் பெற்றிருந்த மொத்த மிகுதி ஏறத்தாழ 43,000 மட்டுமே. அவை கைநழுவிப் போயிருப்பின் இருவருக்கும் 269 என்று சமநிலை ஏற்பட்டு, முடிவு கீழவைக்குச் சென்றிருக்கும்.

ஆகவே, முடிவு இன்னதென்று முன்கூட்டியே தெரிந்துவிட்ட மாநிலங்களில் வேட்பாளர் காலடி வைப்பது அரிது. இப்பக்கமோ அப்பக்கமோ என்று ஊசலாடும் சில மாநிலங்களிலேயே அவர்கள் பொழுதும் பணமும் செலவாகின்றன. அவற்றை ஊசல் மாநிலங்கள் என்பர். ஒஹாயோவில் எஃகு மலிவாக விற்றால் அதிபருக்கு உறக்கம் கெடும். ஐடஹோவில் உருளைக்கிழங்கு அழுகினால் அவ்வளவு கெடாது. ஒரு நாட்டின் வாணிகக் கொள்கையும் வரிக் கொள்கையும் எந்த மாநிலம் ஊசலாடுகிறது என்பதைப் பொறுத்து வளைவதுண்டு. ஊசலாடுவதை நிறுத்திய மாநிலத்தின் குரல் அன்றே மெலிந்துவிடுகின்றது. எந்த மாநிலம் எப்போது ஊசலாடத் தொடங்குகிறது, ஏன் நிறுத்துகிறது என்பது அதனாலேயே ஆராயத் தக்க பொருளாகின்றது.

பழங்கணக்கு

இன்று ஊசல் மாநிலங்களுள் நியூயார்க்கை எவரும் சேர்த்தெண்ணார். ஆயின் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேர்தலை முடிவு செய்த மாநிலங்களுள் தலையாயது அதுவே. 1884-இல் குரோவர் கிளீவ்லாந்து அங்கே ஆயிரத்துச் சொச்சம் வாக்குகள் மிகுதியாகப் பெற்றார். அம்மாநிலத்தின் 36 தேர்வாளர் எதிராளி பிளேயினுக்குப் போயிருந்தால் பிளேயினே அதிபர்.

கலிபோர்னியாவின் கதை இதனினும் சுவையானது. 1916-இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஹியூஸ் அம்மாநிலத்துக்குச் சென்றபோது, அதே கட்சியைச் சேர்ந்தவரும் செல்வாக்கு மிக்கவருமான ஆளுநர் ஹைரம் ஜான்சனும் அவரும் லாங் பீச் நகரின் ஒரே விடுதியில் தங்கியிருந்தும் சந்திக்காமற் போயினர். ஜான்சன் மேலவைத் தேர்தலில் பெருவெற்றி பெற்றார்; ஹியூஸோ 4,000-க்கும் குறைந்த வாக்குகளில் கலிபோர்னியாவைக் கோட்டை விட்டார். அதன் 13 தேர்வாளரும் வுட்ரோ வில்சனிடம் சேர, அவர் மீண்டும் அதிபரானார். அதே கலிபோர்னியா 1952 முதல் 1988 வரை, 1964 ஒன்று நீங்கலாக, குடியரசுக் கட்சிக்கே வாக்களித்து வந்தது. 1992 முதல் ஜனநாயகக் கட்சியின் அசையாக் கோட்டையாகி விட்டது.

மெயின் மாநிலத்தைப் பற்றி ஒரு பழமொழியே வழங்கிற்று. அம்மாநிலத்தார் ஆளுநரையும் காங்கிரஸ் உறுப்பினரையும் செப்டம்பரிலேயே தேர்ந்தெடுத்து வந்தமையால், மெயின் செல்லும் வழியே நாடும் செல்லும் என்றனர். 1936-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46-ஐக் கைப்பற்றினார். எஞ்சிய இரண்டு மெயினும் வெர்மாண்டும். மெயின் செல்லும் வழியே வெர்மாண்ட் செல்கிறது என்று ரூஸ்வெல்ட்டின் தேர்தல் தளபதி ஜேம்ஸ் பார்லி நகையாடினார். உண்மையில் அப்பழமொழியில் பெரிய பொருள் இருந்ததில்லை. மெயின் பெரும்பாலும் குடியரசுக் கட்சிப் பக்கமே நின்றது. நாடும் அக்காலத்தில் பெரும்பாலும் அக்கட்சியையே நாடிற்று. நின்றுபோன கடிகாரமும் நாளுக்கு இருமுறை சரியான நேரம் காட்டுமன்றோ!

மிசௌரியும் ஒஹாயோவும்

இவ்வாறன்றி, உண்மையாகவே நாட்டின் போக்கைக் காட்டிவந்த மாநிலங்கள் இரண்டு. ஒன்று மிசௌரி. 1904 முதல் 2004 வரை நடைபெற்ற 26 தேர்தல்களுள் 25-இல் வென்றவருக்கே அம்மாநிலம் வாக்களித்தது. தவறியது 1956-இல் மட்டுமே. அவ்வாண்டில் நாடெங்கும் ஐசன்ஹோவர் அலை வீச, மிசௌரி 3,984 வாக்குகள் மிகுதியில் ஆட்லாய் ஸ்டீவன்சனைத் தேர்ந்தது. இவ்வளவு துல்லியத்துக்குக் காரணம் அதன் இருப்பிடம். அடிமை முறை நிலவிய மாநிலமாயினும் உள்நாட்டுப் போரில் ஐக்கியத்தை விட்டு விலகாதது அது. தெற்கின் பழக்க வழக்கமும் வடக்கின் தொழிலும், கிழக்கே செயின்ட் லூயிஸும் மேற்கே கன்சாஸ் நகரமும், இடையே பரந்த விளைநிலமும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன.

2008-இல் அக்கட்டியம் மீண்டும் பிசகிற்று. நாடு பராக் ஒபாமாவைத் தேர்ந்தபோது மிசௌரி ஜான் மக்கெயினைத் தேர்ந்தது. மிகுதி 3,903 வாக்குகள். 1956-இன் பிழையும் 2008-இன் பிழையும் ஏறக்குறைய ஒரே அளவின. ஆனால் விளைவு ஒன்றன்று. முன்னது ஒருநாள் தடுமாற்றம். 1960-இல் மிசௌரி தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. பின்னதோ பிரிவின் தொடக்கம். 2012-இல் அங்கே குடியரசுக் கட்சியின் மிகுதி நூற்றுக்கு 9 அளவாயிற்று; 2016-இல் 18-ஐத் தாண்டிற்று; 2024-இலும் அவ்வளவே. நூறாண்டு கட்டியங்கூறிய மாநிலத்தில் வேட்பாளர்கள் இப்போது வாக்குக் கேட்டு வருவதில்லை.

மற்றொன்று ஒஹாயோ. அதிபர்களை ஈன்ற மாநிலம் என்னும் பெருமை அதற்குண்டு. கிராண்ட், ஹேய்ஸ், கார்பீல்டு, பெஞ்சமின் ஹாரிசன், மக்கின்லி, டாப்ட், ஹார்டிங் ஆகிய எழுவர் அங்குப் பிறந்தோர். 1896 முதல் 2016 வரை 1944, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டுமே நீங்கலாக அது வென்றவர் பக்கமே நின்றது. குடியரசுக் கட்சியார் ஒருவரும் ஒஹாயோவை இழந்து அதிபரானதில்லை. 1976-இல் ஜிம்மி கார்ட்டருக்கு அங்கே கிடைத்த மிகுதி ஏறத்தாழ 11,000. 2004-இல் புஷ் பெற்றது ஏறத்தாழ 1,18,000. அந்த 20 தேர்வாளரும் மாறியிருப்பின் ஜான் கெர்ரியே அதிபராகியிருப்பார்.

ஒஹாயோ நாட்டின் சிற்றுருவமாக விளங்கியது எங்ஙனம்? ஈரி ஏரிக் கரையில் நியூ இங்கிலாந்திலிருந்து வந்தோர் குடியேறினர். ஓஹாயோ ஆற்றங்கரையில் வர்ஜீனியாவிலிருந்தும் கென்டக்கியிலிருந்தும் வந்தோர் குடியேறினர். பின்னர் எஃகாலைகளும் ரப்பர் ஆலைகளும் எழுந்தபோது ஐரோப்பாவின் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்தனர். தெற்கிலிருந்து கறுப்பின மக்களும் வந்தனர். மேற்கே உழவர், கிழக்கே சுரங்கத் தொழிலாளர், நடுவே தலைநகர் கொலம்பஸ். இத்தகைய ஒரு கலவை நாட்டின் சராசரியோடு ஒத்துச் சென்றதில் வியப்பில்லை.

நாடு மாறிற்று, ஒஹாயோ அவ்வேகத்தில் மாறவில்லை. இதுவே செய்தியின் சாரம். 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்தோர் கலிபோர்னியாவுக்கும் டெக்ஸஸுக்கும் நியூயார்க்கிற்கும் பெருவாரியாகச் சென்றனர். ஒஹாயோவுக்கு வந்தோர் சிலரே. பல்கலைக் கழகப் பட்டம் பெற்றோர் விகிதமும் அங்கே நாட்டுச் சராசரிக்குக் கீழேயே உள்ளது. மறுபுறம், அதன் பழைய தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. 1977 செப்டம்பர் 19-ஆம் நாள் திங்கட்கிழமை, யங்ஸ்டவுன் அருகிலுள்ள கேம்பெல் எஃகாலை மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேர் வேலையிழந்தனர். அந்நாளை அவ்வூரார் கறுப்புத் திங்கள் என்றே இன்றும் கூறுவர். தொடர்ந்து மற்ற ஆலைகளும் மூடின. 1994-இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையிலா வாணிக உடன்படிக்கையும், 2001-இல் சீனா உலக வாணிக நிறுவனத்தில் சேர்ந்ததும் எஞ்சிய ஆலைகளை நெருக்கின.

ஈண்டு ஊன்றி நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. ஆலை மூடிய மறுநாளே தொழிலாளி கட்சி மாறிவிடவில்லை. யங்ஸ்டவுன் அமைந்துள்ள மகோனிங் மாவட்டம் 1972-இல் நிக்சனுக்கு வாக்களித்தபின், 2016 வரை ஒருமுறை தவறாது ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது. 2020-இல்தான் அது டிரம்ப் பக்கம் சாய்ந்தது. கறுப்புத் திங்களுக்கும் இச்சாய்வுக்கும் இடையே 43 ஆண்டுகள்! தந்தை தொழிற்சங்க அட்டையோடு ஜனநாயகக் கட்சியையும் மகனுக்கு விட்டுச் சென்றார்; பேரனுக்கு விட்டுச் செல்லச் சங்கம் இல்லை. பொருளாதாரக் காரணம் மட்டுமே போதுமெனின் இம்மாற்றம் 1980-இலேயே முடிந்திருத்தல் வேண்டும். சங்கத்தின் மறைவு, இளைஞர் வெளியேற்றம், இனம் பற்றியும் சமயம் பற்றியும் குடியேற்றம் பற்றியும் இரு கட்சிகளும் மேற்கொண்ட நிலைகள் ஆகிய எல்லாம் சேர்ந்தே அடிமரத்தை அரித்தன. ஒபாமா 2012-இல் நூற்றுக்கு 3 மிகுதியில் ஒஹாயோவை வென்றார். நான்கே ஆண்டில் டிரம்ப் 8 மிகுதியில் வென்றார். அரித்த மரம் விழும்போது விரைந்தே விழுகிறது. 2020-இல் பைடன் ஒஹாயோ இல்லாமலே அதிபரானார். 2024-இல் அங்கே டிரம்ப் பெற்ற மிகுதி நூற்றுக்கு 11.

இருவகை மாற்றம்

இத்தகைய மாற்றங்களுக்கு இலக்கணம் வகுத்தவர் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் அரசியற் பேராசிரியர் வி. ஓ. கீ. அவர் 1955-இல் ஒரு கட்டுரையும் 1959-இல் ஒரு கட்டுரையும் எழுதினார். முதற் கட்டுரையில், ஒரே தேர்தலில் வாக்காளர் அணிகள் கலைந்து புதிதாகச் சேர்ந்து, அச்சேர்க்கை நெடுங்காலம் நிலைப்பதுண்டு எனக் காட்டினார். கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் போட்டியிட்ட 1928-ஆம் ஆண்டுத் தேர்தல் நியூ இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் அத்தகையது. அத்தேர்தலில் ஸ்மித் படுதோல்வியுற்றார். ஆயினும் மாசசூசெட்ஸும் ரோட் தீவும் அவர் பக்கம் வந்தன. இரண்டாம் கட்டுரையில், எந்த ஒரு தேர்தலையும் திருப்புமுனை என்று சுட்டவியலாதபடி பல பத்தாண்டுகள் சிறுகச் சிறுக நிகழும் மாற்றத்தை விளக்கினார். நாளேடுகள் விரும்புவது முதல்வகை. ஆனால் பெரும்பாலான மாநிலங்களை மாற்றியது இரண்டாம் வகையே.

தென்மாநிலங்களை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டுப் போருக்குப் பின் அங்குள்ள வெள்ளையர் லிங்கனின் கட்சியை வெறுத்து, ஏறத்தாழ எல்லாத் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சியையே ஆதரித்தனர். கறுப்பின மக்களின் வாக்குரிமையோ பறிக்கப்பட்டிருந்தது. 1964-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் குடியுரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவ்வாண்டுத் தேர்தலில் அவர் நாடெங்கும் பெருவெற்றி பெற்றும், ஆழ்ந்த தெற்கின் ஐந்து மாநிலங்கள் பாரி கோல்டுவாட்டரிடம் சென்றன. மிசிசிப்பியில் கோல்டுவாட்டர் பெற்றது நூற்றுக்கு 87. ஜார்ஜியா குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தது அதுவே முதன்முறை. திடீர்த் திருப்பமென்றே இதனைக் கூறத் தோன்றும். ஆனால் 1976-இல் ஜார்ஜியாக்காரரான கார்ட்டர், பழைய கூட்டரசின் பதினொரு மாநிலங்களுள் வர்ஜீனியா தவிரப் பத்தையும் வென்றார். மாற்றம் முற்றுப்பெற மேலும் ஒரு தலைமுறை பிடித்தது.

மேற்கு வர்ஜீனியாவும் வெர்மாண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழான சான்றுகள். நிலக்கரிச் சுரங்கச் சங்கம் ஆண்ட மேற்கு வர்ஜீனியா 1932 முதல் 1996 வரை மூன்றே முறைதான் ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டது. 1940-களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் சுரங்கத்தில் உழைத்தனர். 2020 அளவில் அதில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. 2000-இல் அது புஷ் பக்கம் சாய்ந்தபோது எல்லோரும் புளோரிடாவையே பார்த்துக்கொண்டிருந்தனர். அதன் 5 தேர்வாளர் மட்டும் கிடைத்திருந்தால் ஆல் கோருக்குப் புளோரிடாவே தேவைப்பட்டிராது. 2024-இல் அங்கே டிரம்ப் பெற்றது நூற்றுக்கு 70. வெர்மாண்டோ 1856 முதல் 1960 வரை ஒருமுறையும் பிறழாது குடியரசுக் கட்சிக்கு வாக்களித்த மாநிலம். 1992 முதல் ஒருமுறையும் பிறழாது எதிர்க்கட்சிக்கு வாக்களிக்கின்றது. முன்னதில் ஊரார் மனம் மாறினர். பின்னதில் நியூயார்க்கிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் வந்து குடியேறியோரால் ஊரே மாறிற்று. வர்ஜீனியாவும் பின்னதைச் சேர்ந்தது. 1952 முதல் 2004 வரை 1964 தவிர எல்லாத் தேர்தலிலும் குடியரசுக் கட்சியை ஆதரித்த அம்மாநிலம், வாஷிங்டனைச் சுற்றிய புறநகர்கள் அரசாங்க அலுவலராலும் கணிப்பொறித் தொழிலராலும் புதுக்குடியேறிகளாலும் நிரம்பியபின் 2008 முதல் எதிர்ப்பக்கம் நிற்கின்றது.

ஊசல் மாநிலங்களின் தொகையும் சுருங்கிவிட்டது. 1976-இல் 20 மாநிலங்களில் இருவருக்கும் இடைப்பட்ட வேறுபாடு நூற்றுக்கு 5-க்கும் குறைவு. மக்கள் மிகுந்த கலிபோர்னியா, நியூயார்க், டெக்ஸஸ் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். 2012-இல் அத்தகையவை நான்கே: புளோரிடா, வட கரோலினா, ஒஹாயோ, வர்ஜீனியா. அந்நான்கில் வட கரோலினா ஒன்றே 2024-இலும் ஊசலாடும் மாநிலமாக எண்ணப்பட்டது. புளோரிடாவிலும் டிரம்ப் அவ்வாண்டில் நூற்றுக்கு 13 மிகுதியில் வென்றார். 537 வாக்குக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்ற மாநிலம் அது!

2024-இல் இரு கட்சியாரும் விளம்பரப் பணத்தைக் கொட்டியது ஏழு மாநிலங்களில்: பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா. இவற்றின் தேர்வாளர் 93 பேர். தமிழ்த் தாய்க்குப் பிறந்த கமலா ஹாரிஸ் ஏழையும் இழந்தார். டிரம்ப் 312, ஹாரிஸ் 226 என்று கணக்கு முடிந்தது. முதல் மூன்று மாநிலங்கள் 1992 முதல் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் ஒரே பக்கம் வாக்களித்து வருகின்றன. அவையும் ஒஹாயோவைப் போல ஆலையும் சங்கமுமாய் வளர்ந்தவை. ஆனால் பிலடெல்பியா, டெட்ராய்ட், மில்வாக்கி ஆகிய நகரங்களும் அவற்றின் புறநகர்களும் அங்கே சாய்வைத் தடுத்து நிறுத்துகின்றன. அதனாலேயே துலாக்கோல் ஒரு பக்கம் விழாமல் ஆடுகின்றது. ஜார்ஜியாவும் அரிசோனாவும் வேறு வழியே இந்நிலைக்கு வந்தவை. அட்லாண்டாவுக்குக் கறுப்பின மக்கள் வடக்கிலிருந்து திரும்பி வந்ததும், பீனிக்ஸ் நகரின் புறநகர்கள் பெருகியதும் அம்மாநிலங்களை ஊசலாட வைத்தன.

இவற்றோடு மாநிலங்களின் எடையும் மாறிக்கொண்டே வருகின்றது. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கட்டொகை கணக்கெடுத்துத் தேர்வாளரைப் பங்கிடுவதால், ஆள் குறைந்த மாநிலம் ஆதரவு மாறாமலே வலிமை இழக்கும். பென்சில்வேனியாவுக்கு 1928-இல் 38 தேர்வாளர் இருந்தனர், 2024-இல் 19. ஒஹாயோவுக்கு 1968-இல் 26, 2024-இல் 17. புளோரிடாவுக்கோ 1948-இல் 8, 2024-இல் 30. அடுத்த கணக்கெடுப்பு 2030-இல் நடைபெறவேண்டும். அதன்படி திருத்தப்படும் பங்கீடு 2032-ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வரும்.